பொடி டப்பா இல்லாத பார்ட்னர்

அன்புள்ள சார்,

முப்பது வருடம் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எனக்கு ஜோடியாக ஆடிய நண்பர் போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது கணினியில் ரோபோவைப் பார்ட்னராக வைத்து ஆடுகிறேன். நேற்று பிட்டிங்கில், அதாவது ஆட்டத்துக்கு முன் ஏலம் கேட்பதில், அது ஒன் நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஆடலாம்) என்று சொன்னது. என்னிடம் ஆறு டைமண்ட், ஒரே ஒரு ஹார்ட், மொத்தம் 4 பாயிண்ட், பலமில்லாத கை. டூ டைமண்ட்ஸ் என்றேன். அது டூ ஹார்ட்ஸ் என்றது. த்ரீ டைமண்ட்ஸ் என்று அழுத்திச் சொன்னேன். அது ஃபோர் ஹார்ட்ஸுக்குப் போய், கேட்டதில் நாலு பிடி குறைந்து, நாலு டவுன்! என் நண்பராக இருந்தால் பாஸ் செய்திருப்பார். பிட்டிங்கில் நிதானிக்கிற புத்தி எந்திரத்துக்கு என்றாவது வருமா? நல்ல புத்தகம் எது? இந்த வயதில் எந்திரத்தோடு ஆடுவது பைத்தியக்காரத்தனமா?

அன்புள்ள நண்பருக்கு,

பைத்தியக்காரத்தனம் இல்லை, ஆடுங்கள். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். 'என் நண்பராக இருந்தால் பாஸ் செய்திருப்பார்' என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.

ரோபோவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அது ஆடுகிற முறையில் ஒன் நோ ட்ரம்புக்குப் பதிலாக டூ டைமண்ட்ஸ் சொன்னால் அது டிரான்ஸ்ஃபர். என்னிடம் ஐந்து ஹார்ட்டாவது இருக்கிறது, நீ ஹார்ட்ஸ் சொல்லு என்று அர்த்தம். அதன் மேல் த்ரீ டைமண்ட்ஸ் என்றால், டைமண்டும் இருக்கிறது, கேம் (போனஸ் கிடைக்கிற அளவு ஏலம்) வரைக்கும் நிறுத்தாதே. 4 பாயிண்டை வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறீர்கள், கோபம் மட்டும் அதன் மேல்! 1990களின் கடைசியில் மேத்யூ கின்ஸ்பர்க் எழுதிய 'கிப்' மாதிரி நிரல்கள், நீங்கள் சொன்னதற்குப் பொருந்துகிற சீட்டுகளை உங்கள் கையில் கற்பனையாகப் போட்டுப் பல தடவை ஆடிப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அந்தக் கற்பனைக் கைகள் ஒன்றில்கூட ஒற்றை ஹார்ட் வராது, ஏனென்றால் அது உங்களை நம்புகிறது.

உங்கள் நண்பர் மட்டும் எதைப் பார்த்துப் பாஸ் செய்திருப்பார்? உங்கள் முகத்தை. அந்த 'அழுத்திச் சொன்னேன்' இருக்கிறதே, அந்தக் குரலை. பார்ட்னரின் குரலையும் தயக்கத்தையும் வைத்து முடிவெடுக்க ஆட்டச் சட்டத்தில் அனுமதி கிடையாது.

நானும் இந்தக் கோஷ்டிதான். எண்பதுகளில் ஒரு கிளப்பில் பெரியப்பாதான் எனக்கு ஜோடி. கை நன்றாக இருந்தால் பிட் சொல்லுமுன் பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுவார், அது அவருக்கே தெரியாது. நான் ஸ்லாம் வரை, அதாவது கிட்டத்தட்ட எல்லாப் பிடியும் கேட்கிற ஏலம் வரை போவேன். தட்டாத நாளில் கேமுக்கே போகமாட்டேன். 'பையனுக்கு என்ன ஜட்ஜ்மென்ட் பாருங்கள்' என்று சுற்றி நிற்பவர்களிடம் அவரே பெருமையடிப்பார், நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவர் போன பிறகு ஒரு போட்டியில் அறிமுகமில்லாதவர் எதிரே உட்கார்ந்தார். மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, எனக்கு பிட்டிங்கே வராது.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. 1975இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில்தான் முதன்முதலாகப் பார்ட்னர்களுக்கு நடுவே திரை வைத்தார்கள். அந்தப் போட்டியிலேயே ஒரு இத்தாலிய ஜோடி மேசைக்கு அடியில் காலைத் தொட்டுப் பேசியதாகப் பிரச்சினை வெடித்தது. மேலே திரை, கீழே கால்!

ஏழு எண், நாலு ஜாதி, நோ ட்ரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். பிட்டிங்கில் மொத்தமே பதினைந்து சொல். இவ்வளவு சின்ன பாஷையில் கேட்கிறவனுக்கு என்ன போய்ச் சேரும் என்று யோசித்துப் பேசுவதுதான் ஜட்ஜ்மென்ட். நீங்களோ உங்களுக்குள் பேசிவிட்டு எதிரே இருப்பவன் செவிடு என்கிறீர்கள்.

எந்திரத்துக்குப் புத்தி வருமா என்று கேட்டிருந்தீர்கள். 2022இல் பாரிசில் நூக் என்ற நிரல் எட்டு உலக சாம்பியன்களை ஜெயித்தது. ஆனால் அங்கே பிட்டிங்கே கிடையாது, எல்லாக் கையையும் த்ரீ நோ ட்ரம்ப் என்று வைத்துக்கொண்டு சீட்டை மட்டும் ஆடினார்கள். மேற்கொண்டு என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் எதிரே இருந்த முகம் இல்லாமல் சீட்டைப் பிரிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள், பிரிட்ஜ் வேண்டாம்.

அப்புறம், அந்தக் கைக்கு என்ன சொல்லியிருக்கலாம்? டைமண்டில் போய் நிற்க வேறு ஒரு பிட் இருக்கும், உங்கள் ரோபோவின் முறை விளக்கத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பாஸ்.