பால்டிக் கடலோரத்தில் எரிசக்திப் படிப்பு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மின்வாரியத் துணைமின் நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாங்கள், பி.இ. மின்னியல் முடித்த தங்கள் மகளுக்கு ஐரோப்பாவில் கிடைத்திருக்கும் இரண்டு முதுநிலை இடங்களைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன. குழாய் வெடித்தது, கேபிள் அறுந்தது என்று செய்தி வரும் கடலோரத்துக்குப் பெண்ணை அனுப்பலாமா என்பது ஒன்று. ரஷ்ய எரிவாயுவே நின்றுவிட்ட பிறகு அங்கே எரிசக்தி படித்து என்ன வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. முதல் அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உடைந்தவை கடலின் அடியில் கிடப்பவை. கரையிலுள்ள நகரங்களில் படிப்பும் வாழ்க்கையும் வழக்கம்போலவே நடக்கின்றன. இரண்டாவதைத்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் அங்கே நடந்திருப்பது தாங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது.

பால்டிக் கடலை ஒன்பது நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ரஷ்யாவையும் ஜெர்மனியையும் கடலடியில் நேராக இணைத்த நார்ட் ஸ்ட்ரீம் குழாய்வழி 2011இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 5,500 கோடி கனமீட்டர் எரிவாயுவைக் கடத்தும் திறன் அதற்கு இருந்தது. அதன் அருகிலேயே கட்டப்பட்ட இரண்டாவது வழி 2021இல் முழுமையாகத் தயாரானது. ஆனாலும் அதன் வழியே ஒரு நாள்கூட வணிகத்துக்கு எரிவாயு செல்லவில்லை. 2022 பிப்ரவரியில் ஜெர்மனி அதற்கான சான்றளிப்பை நிறுத்திவைத்தது. இந்தக் குழாய்வழிகளைச் சேதப்படுத்திய கடலடி வெடிப்பு நிகழ்ந்தது அதற்கு ஏழு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 26 அன்று. அதாவது, குழாயும் எரிவாயுவும் தயாராக இருந்தும் ஒரு கையெழுத்து இல்லாததால் அந்த வழி முன்பே மூடிக்கிடந்தது. வெடிப்புக்கு மறுநாளே, நார்வே எரிவாயுவை டென்மார்க் வழியாகப் போலந்துக்குக் கொண்டுசெல்லும் பால்டிக் பைப் தொடங்கிவைக்கப்பட்டது. லிதுவேனியாவோ 2014லேயே கிளைப்பெடா துறைமுகத்தில் திரவ எரிவாயுவை இறக்கி வாயுவாக்கும் கப்பல் ஒன்றை நிறுத்தி, அதற்குச் 'சுதந்திரம்' என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தது.

மின்சாரத்தின் கதை தங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடத்தின் மூலம் நம் தென்மண்டல மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளுடன் ஒரே அதிர்வெண்ணில், அதாவது மாறுமின்னோட்டம் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் அலைவுறும்படி, இணைந்தது அல்லவா? எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா ஆகிய மூன்றும் அதுபோன்ற ஓர் இணைப்பை 2025 பிப்ரவரி 9 அன்றுதான் ஐரோப்பாவுடன் செய்துகொண்டன. 2022லேயே ரஷ்யாவிடம் மின்சாரம் வாங்குவதை அவை நிறுத்தியிருந்தும், சோவியத் காலத்துக் கட்டமைப்பின் அதிர்வெண் அதுவரை மாஸ்கோவிலிருந்தே நிர்வகிக்கப்பட்டது. பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே 350, 650 மெகாவாட் திறனுள்ள இரண்டு கேபிள்களும், சுவீடனுக்கும் லிதுவேனியாவுக்கும் இடையே 700 மெகாவாட் கேபிள் ஒன்றும் இருந்தபோதிலும், அவை நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்புகள் என்பதால் மின்சாரத்தைத் தருமே தவிர அதிர்வெண்ணைப் பிணைக்கா. அந்த வேலையைப் போலந்து எல்லையின் தரைவழி இணைப்புதான் செய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பாவுடன் இணைந்த நாளுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, 2024 கிறிஸ்துமஸ் நாளில், 650 மெகாவாட் கேபிள் அறுபட்டது. ஆயினும் குறித்த நாள் மாறவில்லை.

இப்படி ஓர் இணைப்பு போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றி எத்தனை பேருக்கு வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். புதிய இணைப்பால் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்ற சுமைப்பாய்வைக் கணக்கிடுபவர், மறுநாள் மின்சாரத்துக்கு இன்றே நடக்கும் ஏலத்தில் விலை கணிப்பவர், எரிவாயு ஒப்பந்தம் எழுதுபவர், சேதத்துக்கு யார் பொறுப்பு என்று வாதிடுபவர் எனப் பட்டியல் நீளும். நாடுகளுக்கு இடையேயான மின்சந்தை அங்கே புதிதன்று. நார்வேயும் சுவீடனும் 1996லேயே ஒன்றைத் தொடங்கிவிட்டன.

இனி, தங்கள் மகளின் கையிலுள்ள இரண்டு இடங்கள். 'எரிசக்திக் கொள்கையும் அரசியலும்' என்ற படிப்பின் பெயர் கவர்ச்சியாக இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமைச்சகங்களும் ஒழுங்குமுறை ஆணையங்களும் பெரும்பாலும் தங்கள் குடிமக்களையே, தங்கள் மொழியில் எழுதக்கூடியவர்களையே தேடும். அங்கே சட்டமும் பொருளாதாரமும் படித்த உள்ளூர்ப் பட்டதாரிகளுடன் அவர் வெறுங்கையுடன் போட்டியிட நேரும். பின்லாந்தில் கிடைத்திருக்கும் மின்கட்டமைப்புப் பொறியியல் படிப்பை எடுத்துக்கொண்டு, மின்சந்தை, ஐரோப்பிய எரிசக்திச் சட்டம் ஆகியவற்றை விருப்பப் பாடங்களாகச் சேர்ப்பதே நல்லது. கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் பின்னாளில் கொள்கையைக் கற்றுக்கொள்ள முடியும். மறுதிசையில் சென்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கடல் காற்றாலை ஒன்றையே நம்பிச் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2030க்குள் பால்டிக்கில் 19.6 ஜிகாவாட் என்று எட்டு நாடுகள் 2022இல் உறுதி பூண்டன. ஆனால் 2024 நவம்பரில் சுவீடன் அரசு பாதுகாப்புக் காரணம் காட்டி 13 திட்டங்களை ஒரே நாளில் நிராகரித்தது. கேபிளுக்கும் கட்டமைப்புக்கும் உள்ள தேவை இப்படிப்பட்ட முடிவுகளால் அவ்வளவு எளிதில் குறையாது.

செலவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பின்லாந்து 2017 முதல் கட்டணம் வசூலிக்கிறது. உதவித்தொகை முழுமையா, பாதியா என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே வங்கிக் கடனுக்குப் போங்கள். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வேலையே கிடைக்காவிட்டாலும் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். பின்னிஷ் மொழியை முதல் பருவத்திலிருந்தே படிக்கச் சொல்லுங்கள். மின்கட்டமைப்பு நிறுவனங்களில் சில பணிகளுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். கரூர் அருகே புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் நேர்மின்னோட்ட வழித்தடம், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகவும் மறுபடி மாறுமின்னோட்டமாகவும் மாற்ற, பால்டிக் கேபிள்கள் சிலவற்றில் உள்ள அதே வகை மாற்றித் தொழில்நுட்பத்தில்தான் இயங்குகிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் இத்தகைய மின்னிணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன. கையெழுத்து ஆனவுடன் கேபிள் பதிந்துவிடாது என்பதைத் தங்களைப் போன்ற வாரியத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன், இரண்டு பருவங்களின் பாடத்திட்டத்தையும், ஆய்வேட்டை ஏதேனும் ஒரு நிறுவனத்தில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கான பதிலையும் அந்தத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குமாறு மகளிடம் கூறுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பினால், எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்று மூவரும் அமர்ந்து முடிவு செய்யலாம்.