வாசகர் கேள்வி - பதில்: பெண்கள் ஆடும் அவுஸ்திரேலியப் பந்தாட்டம்

அவுஸ்திரேலியப் பந்தாட்டத்தின் பெண்கள் தொழில்முறை லீக் (AFLW) பற்றிச் சென்ற இதழில் வந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எமது விளையாட்டுப் பகுதியின் பதில்களும்.

மகளுக்கு 15 வயது. பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். இது உதைபந்தாட்டமா, றக்பியா? வலைப்பந்து பழகியது இதற்கு உதவுமா?
- ஒரு தாய், தலவாக்கலை

இரண்டுமே இல்லை. மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. ஓஃப்சைட் கிடையாது. பந்தை எறிவது குற்றம். ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தித்தான் கொடுக்கவேண்டும். பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒருமுறையாவது நிலத்தில் தட்டவேண்டும். 15 மீட்டருக்குக் குறையாமல் வந்த உதையை நிலத்தில் படாமல் பிடித்துவிட்டால், யாரும் தொந்தரவு செய்யாமல் நின்று உதைக்கலாம். ஆண்கள் அணியில் 18 பேர், பெண்கள் அணியில் 16 பேர் களத்தில் நிற்பார்கள்.

வலைப்பந்து நிச்சயம் உதவும். எழும்பிப் பிடிப்பது, ஆளில்லாத இடம் பார்த்து ஓடுவது, பிடித்த மறுகணமே கொடுப்பது எல்லாம் அப்படியே இங்கே வேண்டும். அவுஸ்திரேலிய வலைப்பந்து வீராங்கனை ஷார்னி லேடன் பிறகு கொலிங்வூட் கழகத்துக்கு இந்த ஆட்டம் ஆடினார். எரின் பிலிப்ஸ் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு 31 வயதில் இதற்கு வந்து, 2017, 2019 ஆகிய இரு பருவங்களிலும் லீக்கின் சிறந்த வீராங்கனையானார்.

வலைப்பந்துக்காரர்கள் மறக்கவேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. பந்தைப் பிடித்ததும் கால் ஊன்றிச் சட்டென்று நிற்பது. இங்கே அப்படி நின்றால் பின்னால் வருபவர் மடக்கிவிடுவார், முழங்காலுக்கும் கேடு. பிடித்தபின் இரண்டு, மூன்று எட்டு ஓடிவிட்டு வேகம் குறைக்கப் பழக்குங்கள்.

எங்கள் ஊரில் அந்தப் பந்து கிடையாது. றக்பிப் பந்தில் பழகுகிறோம். எப்படி உதைத்தாலும் திருகிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. ஏன்?
- உயர்தர மாணவி, ஹட்டன்

முதலில் பந்து. பெரியவர்களின் 5ஆம் இலக்க றக்பிப் பந்து உங்களுக்குப் பருமன் அதிகம். சிறுவர்களுக்கான 4ஆம் இலக்கப் பந்தை வாங்குங்கள், ஏறத்தாழ ஒத்துவரும்.

பந்து கோணலாகப் போனால் எல்லோரும் காலைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கை. வலக்காலால் உதைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் ஒரு முனை வானத்தையும் மறுமுனை நிலத்தையும் பார்க்க, இருபக்கமும் விரல்களை விரித்துப் பிடியுங்கள். இலக்கை நோக்கி நேராக நாலைந்து எட்டு ஓடுங்கள். கடைசி எட்டில் இடக்கை விலகட்டும். வலக்கை மட்டும் பந்தை வலத்தொடைக்கு நேரே கீழிறக்கி, இடுப்பு மட்டத்தில் விடவேண்டும். மேலே தூக்கிப் போடவே கூடாது. பாதம் விறைப்பாக, கால்விரல் முன்னே நீண்டிருக்க, லேஸ் கட்டும் மேற்பாதம் பந்தின் கீழ்முனையில் படவேண்டும். சரியாகப் பட்டால் பந்து உதைத்தவரை நோக்கிக் குட்டிக்கரணம் அடித்தபடியே நேராகப் போகும்.

திருகிக்கொண்டு போனால், கையை விட்ட நேரத்தில் பந்து சாய்ந்திருந்தது என்று அர்த்தம். இடப்பக்கம் இழுத்தால், பந்தை உடம்புக்குக் குறுக்கே விட்டிருக்கிறீர்கள், அல்லது காலை வளைத்து வீசியிருக்கிறீர்கள். வானத்துக்கு ஏறிப் பக்கத்திலேயே விழுந்தால், மார்பு உயரத்தில் விட்டுவிட்டு உடம்பைப் பின்னால் சாய்த்ததுதான் காரணம். 'தொப்' என்று சத்தம் வந்து வேகமில்லாமல் போனால் கணுக்கால் தளர்ந்திருக்கிறது.

தூரத்தை இப்போது நினைக்கவேண்டாம். 15 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, அவர் நகராமல் மார்பில் பிடிக்கும்படி வலக்காலால் 30, இடக்காலால் 30. ஆள் தெரிவு செய்ய வருபவர்களின் கண் பலவீனமான காலில்தான் முதலில் விழும். தோட்டத்து மைதானம் என்றால் மண்மேட்டுப் பக்கமாக உதையுங்கள். சரிவுப் பக்கம் உதைத்தால் பாதிநேரம் தேயிலைச் செடிக்குள் பந்து தேடுவதிலேயே போகும். பிற்பகல் மூடுபனியில் பந்து வழுக்கும் நாட்களை வீணாக்காமல், நிலத்தில் உருளும் பந்தை இரு கையாலும் அள்ளி எடுக்கப் பழகுங்கள்.

நான் 5 அடி 2 அங்குலம். நுவரெலியாவில் 2 கிலோமீட்டர் ஓட 8 நிமிடம் 20 வினாடி ஆகிறது. தேறுமா?
- பாடசாலை ஓட்டக்காரி

உயரம் தடையில்லை, நிலத்தில் கிடக்கும் பந்தை எடுத்து ஓடும் இடங்களில் குள்ளமானவர்கள் ஏராளம். வீராங்கனைத் தெரிவுக்கு முந்திய உடற்தகுதிச் சோதனையில் 20 மீட்டர் வேக ஓட்டம், நின்றும் ஓடிவந்தும் எம்பிக் குதித்தல், வளைந்து ஓடுதல், 2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை இருக்கும். 2 கிலோமீட்டருக்கு 8 நிமிடத்துக்குள் வரப் பாருங்கள். உங்கள் ஊர் ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவு என்பதால் கரையோரத்தில் உங்கள் நேரம் தானாகவே கொஞ்சம் இறங்கும்.

இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
- ஒரு தந்தை, பதுளை

2017இல் 8 அணிகளோடு லீக் தொடங்கியபோது முடியாது. முன்னணி நட்சத்திரங்களுக்கே அந்தப் பருவத்துக்கு 27,000 அவுஸ்திரேலிய டொலர்தான், கடைநிலையில் 8,500. அப்போதைய மெல்பேர்ன் அணித்தலைவி டெய்ஸி பியர்ஸ் மருத்துவிச்சியாக வேலை பார்த்தவர். 2022இல் அணிகள் 18 ஆயின, அவ்வாண்டின் இரண்டாம் பருவத்தில் ஊதியம் 39,184 முதல் 71,935 டொலர் வரை உயர்ந்தது. 2023 ஒப்பந்தப்படி சராசரி 60,000 டொலரில் தொடங்கி 2027இல் 82,000ஐ எட்டும்.

மெல்பேர்னில் வாடகை கட்டி வாழ்பவருக்கு இது பெரிய தொகையல்ல. விளையாடும் காலமும் சில ஆண்டுகளே. ஆகவே பலர் படிப்பையோ வேறு தொழிலையோ கூடவே வைத்திருக்கிறார்கள். மகள் தாதியர், உடலியக்கச் சிகிச்சை, கற்பித்தல் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆடட்டும்.

இந்த ஆட்டத்தில் பெண்களின் முழங்கால் அடிக்கடி போகிறதாமே? தடுக்க என்ன செய்யலாம்?
- உடற்கல்வி ஆசிரியர், பண்டாரவளை

உண்மைதான். முழங்காலுக்குள் இருக்கும் முன்புறக் குறுக்கு இணையம் (எலும்புகளைப் பிணைக்கும் நார், ACL) அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இடிபட்டு அறுவதைவிட, குதித்து இறங்கும்போதும் ஓட்டத்தில் சடாரென்று திரும்பும்போதும் முழங்கால் உள்நோக்கி மடங்கி அறுவதே கூடுதல். எரின் பிலிப்ஸுக்கு 2019 இறுதி ஆட்டத்திலேயே அது நடந்தது. மீண்டும் களமிறங்கச் சாதாரணமாக 9 முதல் 12 மாதம் ஆகும்.

வாரத்தில் 2, 3 நாள், பயிற்சிக்கு முன் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஓர் அடி உயரப் படியிலிருந்து இரு காலும் ஊன்ற இறங்கச் சொல்லுங்கள், 8 தடவை வீதம் 3 சுற்று. முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால் கால்விரலுக்கு நேரே நிற்கவேண்டும், இறங்கும் சத்தம் கேட்கவே கூடாது. அது சரியான பிறகே ஒற்றைக்கால். அடுத்து, ஒரு மாணவியை முழந்தாளிட வைத்து மற்றவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னே சரியச் செய்யுங்கள். இடுப்பு மடங்கினால் பலனில்லை. முதல் வாரங்களில் 3 முதல் 5 தடவை போதும். ஒரேயடியாகக் கூட்டினால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது ஒரே பெரிய எட்டாக ஊன்றாமல், மூன்று சிறிய எட்டு வைத்து வேகம் குறைத்துத் திரும்பப் பழக்குங்கள்.

'டப்' என்று சத்தம், சில மணித்தியாலத்தில் வீக்கம், நடக்கும்போது கால் நழுவுதல். இவை இருந்தால் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, எலும்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அந்த லீக்கில் ஒப்பந்தம் எடுத்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஓர் அண்ணன், மஸ்கெலியா

ஒரு சதம் கொடுக்காதீர்கள். அங்கே பணம் கட்டி யாரும் அணிக்குள் போக முடியாது. உள்ளூரில் வளர்ந்தவர்கள் இளையோர் லீக், மாநில லீக் வழியாக வந்து ஆண்டுதோறும் நடக்கும் வீராங்கனைத் தெரிவில் எடுக்கப்படுகிறார்கள். வேறு விளையாட்டில் உச்சத்தில் இருப்பவர்களைக் கழகங்களே தேடிப்போய் ஒப்பந்தம் செய்வதும் உண்டு. அயர்லாந்தின் கேலிக் பந்தாட்ட வீராங்கனைகள் அப்படித்தான் வருகிறார்கள். கோரா ஸ்டோன்டன் 2018இல் முதல் ஆட்டம் ஆடும்போது வயது 36.

தங்கைக்கு உள்ள நடைமுறை வழி, படிக்கப் போவது. மாணவர் வீசாவில் கல்வித் தவணை நாட்களில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். ஊர்க் கழகங்களில் பதிவுக் கட்டணம் கட்டிப் புதிதாகத் தொடங்குபவர்களும் சேரலாம். அங்கே நன்றாக ஆடினால் மாநில லீக் கழகங்களின் பயிற்சிக்கு அழைப்பு வரக்கூடும். அந்த ஆளிடம், எந்தக் கழகம், ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டது யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அந்தக் கழகத்தின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதியை அவரிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.