யார் பக்கத்தில் இருந்தது?

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்த இரவு ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தது நான். விடிகாலையில் என் கையைப் பிடித்து "அம்மாவைப் பாத்துக்கடா" என்றார். என் அக்கா போகிற விசேஷத்திலெல்லாம், பக்கத்தில் இருந்தது அவள்தான் என்று இதே கதையைச் சொல்கிறாள். அவள் கையைப் பிடித்தாராம், அவளிடம் சொன்னாராம். தலை திவசத்தன்று உறவுக்காரர்கள் முன்னால் "பொய் சொல்லாதே" என்றேன். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. நினைவு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பதிவாகிறது என்று படித்திருக்கிறேன். பதிவான ஒன்று எப்படி மாறும்? உளவியலாளர்கள் இதை எப்படி விளக்குகிறார்கள்? கூடவே, நீட் எழுதப்போகும் என் மகனுக்கு ஞாபகசக்தி கூட ஒரு வழி சொல்லுங்கள்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

குடும்பச் சண்டைகளில் நான் தலையிடுவதில்லை. இதற்கு எழுதக் காரணம், சில நாட்களாக என் அம்மாவையும் சித்தியையும் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுவயதில் அவர்களில் ஒருத்தி தோட்டத்துக் கிணற்றில் விழுந்தாள். தாத்தா குதித்துத் தூக்கினார். விழுந்தது ஒருத்திதான், ஆனால் நினைவு இருவருக்கும் இருந்தது. படிக்கட்டுப் பாசி, மூக்கில் ஏறிய தண்ணீர், தாத்தா தலைமுடியைப் பற்றி இழுத்தபோது எடுத்த வலி என்று இருவரும் ஒன்றுபோலச் சொல்வார்கள். பொங்கலுக்குப் பொங்கல் இதே வழக்குதான். தீர்த்துவைக்கத் தாத்தா இல்லை.

இது எங்கள் வீட்டு விசித்திரம் அல்ல. மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2001-இல் இரட்டையர்களிடம் இதையே கண்டு எழுதினார்கள். ஒரே சம்பவத்தை இருவரும் தனக்கு நடந்ததென்று நம்புகிறார்கள். இரட்டையர் அல்லாத சகோதரர்களிடமும் இது உண்டு. எப்படி என்பதற்கு மார்சியா ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் தரும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு காட்சி மனதில் தங்குவது வேறு, அது எங்கிருந்து வந்தது என்று தெரிவது வேறு. நாம் கண்டதா, யாரோ சொல்லக் கேட்டதா, நாமே எண்ணிப் பார்த்ததா என்பதை மனம் நினைவுகூரும் நேரத்தில்தான் தீர்மானிக்கிறது. காட்சி தெளிவாக இருந்தால் 'நான் கண்டது' என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பிசகலாம்.

ஹிப்போகாம்பஸை விடுங்கள். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அதன் பெரும்பகுதியை இருபுறமும் வெட்டி எடுத்தார்கள். புதிய நினைவுகள் சேர்வது நின்றுபோனது, ஆனால் இளமைக்கால நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. எல்லாம் அந்த ஓர் இடத்தில் பூட்டிக் கிடக்கவில்லை என்பதற்கு இது போதும்.

உங்கள் தவறு 'பதிவு' என்ற எண்ணத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, நாட்கள் விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. ஆவிகள் வரும் இடம் அவர்களுக்குப் புரியாததால் நழுவிப்போனது. 1932-இல் அவர் எழுதிய முடிவு இதுதான்: நினைவுகூர்வது என்பது மறுபடி கட்டுவது. தெருக்கூத்துக்காரர் ஒவ்வோர் இரவும் அதே கர்ணனைப் புதிதாகக் கட்டி ஆடுகிறார், அப்படித்தான். அவரைப் பொய்யர் என்பீர்களா?

"எனக்கு அவ்வளவு தெளிவாக இருக்கிறதே" என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் அக்காவும் அதையேதான் சொல்வார். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் அங்குள்ள எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். கால்வாசிப் பேர் சொன்னது முழுக்கத் தவறு. வகுப்பில் கேட்டவர் விடுதி அறையில் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார். பலர் தாங்கள் சொல்வதில் அசையாத உறுதியோடு இருந்தார்கள். அவரவர் கையெழுத்தை எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறுதி என்பது மனதின் ஓர் உணர்ச்சி, அதைச் சாட்சியாக ஏற்க முடியாது. உங்களுடைய உறுதிக்கும் இது பொருந்தும், அக்காவினுடையதற்கும் பொருந்தும்.

நீங்கள் இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் இருவரும் மாறி மாறித்தானே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பீர்கள்? சாகக் கிடக்கும் மனிதர் மனைவியைப் பற்றி ஒரே ஒரு முறை, ஒரே ஒரு பிள்ளையிடம்தான் சொல்வாரா? இதை யோசிக்க உளவியல் வேண்டாம். அப்பாவின் கையைப் பிடித்திருந்ததாகச் சொல்வதால் அக்காவுக்கு என்ன சொத்தா கிடைக்கப்போகிறது? அந்த இரவு அவருக்கும் வேண்டியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியிருப்பது போலவே. அதை ஊர் கூடிய இடத்தில் பொய் என்றீர்களே, எப்படி மனம் வந்தது?

என் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சித்தி கிணற்றுக் கதையைச் சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிடுகிறார். உங்களுக்குச் சண்டை போட ஓர் அக்கா உயிரோடு இருக்கிறார், சரவணன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா சொன்னதாக நீங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒரே வாக்கியம், அம்மாவைப் பார்த்துக்கொள் என்பது. உங்கள் கடிதத்தில் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. பிள்ளைகள் இருவரும் பேசாமல் இருக்கும் வீட்டில் அவர் யாரிடம் எதைச் சொல்லிச் சாப்பிடுகிறார்? இந்த வாரமே அக்காவைக் கூப்பிடுங்கள். அந்த இரவைப் பற்றிப் பேச வேண்டாம். அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

மகன் விஷயம். பாடத்தை மறுபடி மறுபடி வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு முறை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை எழுதிப் பார்க்கட்டும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்தபோது, ஒரு வாரம் கழித்து இப்படி எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42. ஞாபகசக்தி மாத்திரை, லேகியம் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரவு நன்றாகத் தூங்கட்டும்.