வராத பணத்துக்கு மூன்று தவணை

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஊர். ராணுவத்தில், ரேஷனும் பொருளும் கொண்டு சேர்க்கும் ஏஎஸ்சி பிரிவில் ஸ்டோர் வேலை, இப்போது ஹவில்தார். வயது 37, சர்வீஸ் 17 வருடம். இன்னும் ஒன்பது மாதத்தில் பென்ஷன் வருகிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன். வெளியே வந்தால் டிகிரி இல்லாமல் செக்யூரிட்டி வேலைதான் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆன்லைனில் பிபிஏ படிக்க ஒரு நிறுவனத்தில் பேசினேன். மூன்று வருடப் படிப்பு, லீடர்ஷிப் சான்றிதழ், வேலைக்கும் உதவி, எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய். ராணுவத்தினருக்குச் சலுகை விலையாம். வட்டியில்லாத் தவணையில் 24 மாதம் கட்டலாம். சீட்டுக்குப் பத்தாயிரம் கட்டிவிட்டேன். லோனுக்கு ஓடிபி கொடுக்கச் சொல்லித் தினமும் கூப்பிடுகிறார்கள். பென்ஷன் பணம் வந்ததும் மொத்தமாக அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ஏற்கனவே மச்சானின் விசைத்தறிக்காக என் பேரில் 8 லட்சம் பர்சனல் லோன் போட்டேன். மாதம் 17,400 கட்டுகிறேன், பாக்கி 6 லட்சம். மச்சான் நாலு மாதம் கொடுத்தார், அப்புறம் மார்க்கெட் சரியில்லை என்கிறார். அதையும் பென்ஷன் பணம் வந்ததும் முடித்துவிடலாம். தம்பி டெம்போ வாங்க 3 லட்சம் போட்டதில் 2 லட்சம் நிற்கிறது, மாதம் 9,960. பென்ஷன் பணம் வந்ததும் பத்து லட்சம் போட்டால் புதுத் தறியில் பங்கு தருகிறேன் என்றும் மச்சான் சொல்கிறார். யூனிட் கிளார்க் போட்ட கணக்கில் எனக்கு மொத்தம் 28 லட்சம் வரும், அடிப்படைப் பென்ஷன் 21,000. இந்தப் படிப்பில் சேரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘பென்ஷன் பணம் வந்ததும்’ மூன்று இடத்தில் வருகிறது. பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசாதே என்பார்கள். நீங்கள் நெய்யை உருக்கி நாலு வீட்டுக்குக் கொடுத்தும் விட்டீர்கள்.

படிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் வெளியே வரும் முதல் மாதத்தைப் பார்ப்போம். பாதிப் பென்ஷனைக் கம்யூட் செய்தால், அதாவது அதை விட்டுக்கொடுத்துப் பதிலுக்கு ஒரு மொத்தத் தொகையை முன்பே வாங்கிக்கொண்டால், மாதம் கையில் நிற்பது 10,500. அகவிலைப்படி முழு 21,000-க்கும் கிடைக்கும், அதனால் இன்றைய விகிதத்தில் எல்லாம் சேர்ந்து 22 ஆயிரம் சொச்சம் வரும். இனித் தவணைகளைக் கூட்டுங்கள். தறிக்கு 17,400, டெம்போவுக்கு 9,960, படிப்புக்கு 3,40,000-ஐ 24-ஆல் வகுத்தால் 14,170. மொத்தம் 41,500. பென்ஷனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதில் பால்காரருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. மொத்தப் பணத்தில் அடைத்துவிடுவேன் என்பீர்கள். அதே பணத்துக்கு மச்சான் பத்து லட்சத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாரே.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-ல் சுழிய வட்டி என்ற பேச்சே பொய் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டது. அந்த வட்டி 3,40,000-க்குள்ளேயே இருக்கிறது. மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஒளிந்திருக்கும் தொகை வெளியே வரும். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கடன் உங்களுக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்கும் நடுவில். பல்கலைக்கழகம் அதில் இல்லை. அடுத்த போஸ்டிங்கில் சிக்னல் கிடைக்காமல் இரண்டு செமஸ்டரோடு படிப்பு நின்றாலும் தவணை நிற்காது.

ஆன்லைன் பட்டத்தை நான் மட்டம் தட்டவில்லை. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் கொடுக்கும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் அறிவித்துவிட்டது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருந்தால் பட்டம் செல்லும். சேர்கிறவர் அங்கேயே டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண்ணை வாங்க வேண்டும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான், உங்களைத் தினமும் கூப்பிடும் நிறுவனம் அல்ல. அதே பிபிஏவை மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் படித்தால், நான் பார்த்தவரை மூன்று வருடத்துக்கும் சேர்த்து அரை லட்சத்தைத் தொடாது. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். மிச்சம் கிட்டத்தட்ட மூன்று லட்சம் அந்த நிறுவனத்திலிருந்து கூப்பிடும் அம்மிணியின் பேச்சுக்கும் லீடர்ஷிப் தாளுக்கும். பதினேழு வருடம் பட்டாளத்தில் ஆட்களை வேலை வாங்கியவருக்கு லீடர்ஷிப் சான்றிதழா?

சலுகை விலை என்பதும் அமெரிக்க விளம்பரத்தைப் பார்த்து எழுதியது. அங்கே 1944-லிருந்து ஜிஐ பில் என்று ஒரு சட்டம் உண்டு, திரும்பி வந்த படைவீரனின் படிப்புக்கு அரசு பணம் கட்டுகிறது. அரசுப் பணம் உறுதியாக வருகிறது என்பதற்காகவே லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகள் அங்கே படைவீரர்களைத் துரத்தின. இங்கே துரத்தல் மட்டும் வந்திருக்கிறது.

நம் அரசு உங்களுக்கென்று வைத்திருப்பதை அந்த அம்மிணி சொல்லியிருக்க மாட்டார். பாதுகாப்புத் துறையின் டிஜிஆர், அதாவது மறுகுடியமர்வு இயக்குநரகம், பணியில் இருக்கும்போதே கடைசிக் காலத்தில் பயிற்சி கொடுக்கிறது. அதிகாரிகள் ஐஐஎம் போன்ற இடங்களில் 24 வாரம் நிர்வாகம் படிக்கலாம், கட்டணத்தில் 60 விழுக்காடு அரசுடையது. உங்களைப் போன்ற ஜவான்களுக்கும், ஜேசிஓ எனும் இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டணமே கிடையாது. ஒன்பது மாதம்தான் இருக்கிறது, பெயர் போகவில்லை என்றால் நாளைக்கே உங்கள் யூனிட்டின் கம்பெனி ஆபீஸில் கேளுங்கள்.

அடுத்தது வங்கி. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐபிபிஎஸ் என்ற அமைப்பு நடத்தும் கிளார்க் தேர்வின் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். இப்போது அந்த வேலைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை அதேதான். பட்டம் கேட்கிறார்கள், ஆனால் கீழே ஒரு வரி இருக்கிறது. பத்தாவது தேறி, 15 வருட சர்வீஸுக்குக் குறையாமல் முடித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் வைத்திருக்கும் முன்னாள் படைவீரர் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 28, அதோடு உங்கள் சர்வீஸையும் மூன்று வருடத்தையும் கூட்டிக்கொள்ளலாம், உச்சம் 50. உங்களுக்கு 28, 17, 3, ஆக 48 வரை கதவு திறந்திருக்கிறது. பொதுத்துறை வங்கிகளில் இந்த இடங்களில் 14.5 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு. ஒரு வருடத்துக்குள் வெளியே வருகிறவர்கள் பணியில் இருக்கும்போதே எழுதலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 24 ஆயிரத்துக்கு மேல், படிகள் தனி, பென்ஷன் தனி. மூன்று வருடம் கழித்து, 40 வயதில் கையில் வரப்போகும் பிபிஏ தாள் இந்தக் கதவைத் திறக்க வேண்டியதே இல்லை. தேர்வில் கணக்கும் ஆங்கிலமும் கடிக்கும். அந்த 14,170 ரூபாயைக் கட்டி முடிக்க நீங்கள் கவலைப்படும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

தனியார் வேலை என்றாலும் உங்களுக்குப் பட்டத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. போன வருடம் என்னிடம் வந்த ஒரு நாயக்கும் ஸ்டோரில் இருந்தவர்தான். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஸ்டோர் இன்சார்ஜ் வேலைக்குப் போனார். முதலாளி சர்டிபிகேட்டைப் புரட்டவேயில்லை. “நூல் கோனு லெட்ஜர்ல நூறு, ரேக்ல தொண்ணூத்தி நாலு. என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். இவர் லடாக்கில் பனிக்காலத்துக்கு முன்பு ரேஷன் இருப்பை எண்ணி, குறைவுக்குக் கையெழுத்து வாங்கிய கதையைச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். டேலியும் ஜிஎஸ்டி இ-வே பில்லும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, சாயங்காலம் மூன்று மாதம் கற்றுக்கொண்டார். செலவு சில ஆயிரம். பல்லடத்திலும் பெருந்துறை சிப்காட்டிலும் நாமக்கல் லாரி ஆபீஸ்களிலும் இந்த மாதிரி ஆளைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எம்பிஏ முடித்த பிள்ளைகள் நம் பக்கம் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இனித் தறிக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம். மச்சான் கெட்டவர் என்று சொல்லவில்லை, நூல் விலை ஏறினால் தறிக்காரர் என்ன செய்வார்? ஆனால் 8 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. கைமாற்றைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடச் சட்டம் கொடுக்கும் காலம் மூன்று வருடம். அதற்குள் அவர் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து அதற்கு அவர் கையெழுத்து இருந்தாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அன்றிலிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். அடுத்த லீவில் புரோநோட் எழுதி வாங்குங்கள், மாதம் ஐயாயிரமாவது வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் அம்மிணி முகம் வாடும் என்று தெரியும். அவரையும் உட்கார வைத்து, 41,500-ஐயும் 22,000-ஐயும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். தம்பியிடம் எழுதி வாங்க வேண்டாம், டெம்போ ஓடுகிறது, அவர் தவணையை நேரடியாக உங்கள் கணக்கில் போடட்டும்.

பத்து லட்சப் பங்குக்கு, இல்லை. காரணம் கேட்டால் பணம் டெபாசிட்டில் பூட்டிவிட்டது என்று சொல்லுங்கள், பொய்யும் ஆகாது. பெருந்துறைப் பக்கம் 2012-ல் ஈமுக் கோழியில் போட்ட பணத்தில் எத்தனை ரிடையர்மென்ட் செக்குகள் இருந்தன என்று உங்கள் ஊரிலேயே கேட்டால் சொல்வார்கள். தொழில்தான் ஆசை என்றால், முன்னாள் படைவீரர் சொந்தத் தொழில் தொடங்க ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ என்று தமிழக அரசின் திட்டம் இருக்கிறது. ஒரு கோடி வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், வட்டியில் 3 விழுக்காடு சலுகை. ஈரோட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மச்சானிடம் இப்போதைக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, கம்யூட்டேஷன். எல்லோரும் பாதியை எழுதிக் கொடுக்கிறார்கள், நாமும் கொடுப்போம் என்று இருக்காதீர்கள். உங்கள் வயதில் மாதம் 10,500-ஐ விட்டுக்கொடுத்தால், அதன் 12 மாதத் தொகையைப் போல 9.1 மடங்கு, சுமார் 11.5 லட்சம் வரும், வரியில்லாமல். பதினைந்து வருடம் விட்டுக்கொடுப்பது 18.9 லட்சம். அதாவது சுமாராக ஏழேகால் விழுக்காடு வட்டிக்கு உங்கள் பென்ஷனையே அடகு வைத்துக் கடன் வாங்குகிறீர்கள். 11, 12 விழுக்காட்டுக் கடனை அடைக்க இது நல்ல கடன். தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 விழுக்காட்டுக்குப் போடவென்றே கம்யூட் செய்தால் மிச்சம் ஒன்றுமில்லை, அந்த வட்டிக்கு வரி வேறு. ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டினால் இரண்டு கடனும் சேர்ந்து 6.2 லட்சம் அளவில் நிற்கும். அதை அடைக்கக் கம்யூட்டேஷன் இல்லாமலேயே பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் மற்றதும் சேர்ந்த 16.5 லட்சம் போதும். பாக்கி பத்து லட்சத்துக்கு அன்றைக்கே வங்கியிலிருந்து ஒருவர் ‘கியாரண்டி’ இன்சூரன்ஸ் திட்டத்தோடு கூப்பிடுவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓடிபியைக் கொடுக்காதீர்கள். பத்தாயிரத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், வந்தால் சரி, வராவிட்டால் 3,30,000 மிச்சம். கம்யூட்டேஷன் படிவத்தில் எத்தனை விழுக்காடு என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன்பு, கிளார்க் போட்ட அந்தக் கணக்குத் தாளின் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள்.