கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கலாமா? மலைக்காரர்கள் கேட்டவை

ஊட்டியில் இருக்கிறேன். வீடியோ கேமோடு சிலை, படப் புத்தகம் என்று சேர்த்துப் பெரிய பெட்டியாக விற்பதுதான் கலெக்டர்ஸ் எடிஷன். 2011-இல் ஸ்கைரிம் என்ற கேமின் பெட்டியில் தொடங்கி ஒன்பது வாங்கியாயிற்று, மூன்றை விற்றும்விட்டேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர் தம்பி: அண்ணா, பகுதி நேர வேலையில் சேர்த்த 22,000 ரூபாய் இருக்கிறது. சிலையோடு வரும் பெட்டி வாங்கட்டுமா?

உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் முதலில் டிஸ்க் இருக்கிறதா என்று பார், தம்பி. 2022-இல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் கலெக்டர்ஸ் எடிஷனில் ஸ்டீல்புக் என்ற டிஸ்க் வைக்கும் உறை உண்டு, டிஸ்க் கிடையாது, டவுன்லோட் கோடுதான். 2023-இன் ஸ்பைடர்மேன் 2 பெட்டியில் 19 அங்குலச் சிலை, ஆனால் விளையாட்டு அதேபோல் வெறும் கோடு. எஸ்டேட் பக்கம் நெட் வரும் வேகத்தில் 90 ஜிபி இறக்க எத்தனை ராத்திரி ஆகும் என்று உனக்கே தெரியும். டிஸ்க் என்றால் ஆடி முடித்து நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். கோடு ஒருமுறை போட்டால் அதோடு சரி. எனவே அந்தச் சிலைக்கு மட்டும் அவ்வளவு பணம் கொடுப்பாயா என்று யோசி. மனசு தயங்கினால் சாதாரண டிஸ்க்கை வாங்கு, மிச்சப் பணம் கையில் இருக்கட்டும்.

கோத்தகிரி: பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமாமே?

சிலது ஏறும். எது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. 2018-இல் ஃபால்அவுட் 76-இன் 200 டாலர் பெட்டிக்கு கேன்வாஸ் பை என்று விளம்பரம் செய்தார்கள், வந்தது நைலான் பை. வாங்கியவர்கள் சண்டை போட்ட பிறகுதான் கேன்வாஸ் பை கொடுக்க முன்வந்தார்கள். 2015-இல் விட்சர் 3 பெட்டி வாங்கியவர்களுக்கு அருமையான சிலை கிடைத்தது. ஆனால் பின்னால் வந்த கூடுதல் கதைப் பகுதிகளான இரண்டு எக்ஸ்பான்ஷனும் அதில் இல்லை. அடுத்த வருடமே அவை இரண்டையும் சேர்த்து முழுத் தொகுப்பு வந்துவிட்டது. லாபத்துக்காக என்றால் வேண்டாம். நம் ஊரில் பிரிக்காத பெட்டிக்கும் ஆபத்து உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கூடலூர்: மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஸ்கைரிம் படப் புத்தகத்தை ஒரு ஆடி மாதம் முழுக்க வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பக்க ஓரமெல்லாம் அப்பளம் போல நெளிந்து, பைண்டிங் பக்கம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. துடைத்தால் போகும், வாடை போகாது. ஸ்டீல்புக் தகரம்தான், மூலையில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துருப் பிடிக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு, 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீல ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு. அது உடம்புக்கு ஆகாது, மறுபடி பயன்படுத்த ஈரம் போக்குகிறேன் என்று சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு ஜெல் வாங்குங்கள், அதையும் தனிச் சட்டியில் இளந்தீயில் காய வையுங்கள். பிரிக்காத பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை, அதனால்தான் நான் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறேன்.

கொடைக்கானல்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

சுங்க வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். பெரிய பெட்டி மலைப்பாதையில் உருண்டு வரும் வேறு. எனக்கு ஒருமுறை சிலையின் கை ஒடிந்து வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்காததால் பணம் திரும்பவில்லை. டேப் கிழிப்பதற்கு முன்பே போனை ஆன் செய்யுங்கள்.

ஊட்டி, ஒரு அம்மா: பையன் பத்தாம் வகுப்பு. பெட்டி வாங்கித் தரச் சொல்லி ஒரே அழுகை.

அக்கா, எந்த விளையாட்டு என்று பாருங்கள். அட்டையின் முன்பக்கம் கீழே 18 என்று போட்டிருந்தால் இப்போது வேண்டாம். காட் ஆஃப் வார் அந்த வகைதான். அவனுக்குப் படம் வரைவதில் ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல விளையாட்டுகளின் படப் புத்தகம் தனியாகவே விற்கிறது, பெட்டி விலையில் சின்னப் பங்குதான். சேரிங் கிராஸ் பக்கம் வரும்போது அவனை அழைத்து வாருங்கள். என்னிடம் இருப்பதைப் புரட்டிப் பார்க்கட்டும், அந்த நெளிந்த புத்தகத்தையும் சேர்த்து.