ஒட்டிப்போன ஜனதா வாட்ச்

கேள்வி: என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர், போன வருடம் தவறிவிட்டார். அவருடைய விசில், பச்சை, சிவப்புக் கொடிகள், பித்தளை பேட்ஜ், ஹெச்.எம்.டி. ஜனதா வாட்ச் எல்லாவற்றையும் ஆழமான கண்ணாடி ஃப்ரேமுக்குள் வைத்துத் தரும்படி ஒரு கடையில் கொடுத்தேன். பேசியது 6,500 ரூபாய், முன்பணம் 3,000. போய்ப் பார்த்தால் வாட்சைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். கொடியில் கறை. பேட்ஜைக் காணோம். மீதி 3,500 கொடுத்தால்தான் ஃப்ரேமைத் தருவார்களாம். பில்லின் பின்பக்கம் ‘சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, பெரம்பூர்.

பதில்: முதலில் ஃப்ரேமை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு, ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால், கொடுத்த நோக்கத்தின்படி வேலை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்று தாராளமாக வாதாடலாம். வாதாடி முடிக்கும்வரை அப்பாவின் வாட்ச் கடை அலமாரியில் கிடக்கும். அதனால் 3,500-ஐ யுபிஐயில் அனுப்பிவிட்டு, ‘சேதம், பேட்ஜ் இழப்பு பற்றிய ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். எடுத்து வருவதற்கு முன் கடையிலேயே எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பசையை நீங்களே சுரண்டிப் பார்க்க வேண்டாம். வாட்சும் கெடும், சாட்சியும் போகும்.

சரி, கடையின் பொறுப்பு என்ன? அதே சட்டத்தின் 151-வது பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படித்தான் கடைக்காரர் பார்த்திருக்க வேண்டும். பொருள் தொலைந்தால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டும் சுமை அவர் தலையில். துணியை நூலால் தைத்து நிறுத்துவதும், கனமான பொருளைக் கழற்றக்கூடிய பிடியில் வைப்பதும் இந்தத் தொழிலில் தெரிந்த முறைதான். வேறொரு ஃப்ரேம்காரரிடம் இதை எழுத்தில் வாங்கினால் வழக்குக்குப் பலம். வாட்ச் ரிப்பேர்காரரிடமும் ஒரு சீட்டு வாங்குங்கள்.

பில்லின் பின்பக்க வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பொறுப்பை வரையறுக்கும் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது கட்டுப்படுத்தும் என்று ஒரு கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லியிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடவில்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை என்றால், அந்த வரிக்குப் பெரிய மதிப்பில்லை.

பேட்ஜுக்காகக் காவல் நிலையம் போகச் சொல்லி உறவினர்கள் தூண்டுவார்கள். நம்பிக்கை மோசடி என்பதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும்; கவனக்குறைவாகத் தொலைத்தது அதில் வராது. அங்கே போய் அலைவதில் பயனில்லை.

உங்கள் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே புகார் தரலாம். 2 வருடத்துக்குள் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்).

என்ன கேட்கலாம்? கட்டிய 6,500, வாட்சைச் சரிசெய்யும் செலவு, பேட்ஜுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. பழைய ஜனதா வாட்சுக்குச் சந்தையில் என்ன பெரிய விலை என்று கடைக்காரர் கேட்பார். மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் 20 லட்சம், 30 லட்சம் என்று கேட்டால் ஆணையத்துக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். அப்பா சீருடையில் பேட்ஜோடு நிற்கும் பழைய படம் ஏதாவது இருந்தால் தேடி எடுத்துப் புகாரோடு இணையுங்கள். நீங்கள் கொடுத்த பொருள்களின் பட்டியல் பில்லில் இல்லாவிட்டால் அந்தப் படம்தான் பேட்ஜுக்குச் சாட்சி.