பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் பற்றியவை. மாடல், வருஷம், கிலோமீட்டர் எதுவும் எழுதாமல் ‘நல்ல வண்டியா சார்?’ என்று மட்டும் கேட்ட மூன்று பேருக்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி: என் கார் லிட்டருக்கு 20 தருகிறது. 25 தரும் என்று ஒரு பழைய ஹேட்ச்பேக் வந்திருக்கிறது. மாற்றலாமா?

வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 20 கொடுத்தால் 600 லிட்டர், 25 கொடுத்தால் 480. மிச்சம் 120 லிட்டர்தான். நாலு டயரும் ஒரு கிளட்ச் வேலையும் வந்தால் அது போன இடம் தெரியாது. அதே கணக்கில் 10 கொடுக்கிற பெரிய வண்டியை விட்டு 15க்கு வந்தால் 400 லிட்டர் மிச்சம். சின்ன காரால் நிஜமாகவே லாபம் பார்ப்பவர்கள் இவர்கள்தான். அப்புறம், அந்த 25-ஐ உங்களுக்குச் சொன்னது யார்? விற்கிறவர் என்றால் அதையும் 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்ப்ளேயில் 24 காட்டுகிறது. நம்பலாமா?

பம்ப் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 400 கி.மீ. ஓட்டிவிட்டு அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.

கேள்வி: 12 வருஷக் கார், பெட்ரோல், ஒரே ஓனர், 28,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது. புதையல் என்கிறார் புரோக்கர். உடனே முன்பணம் கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள். இந்த ‘குறைந்த கிலோமீட்டர்’ மோகத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 45 கி.மீ. வருகிறது. ஒன்று, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். இல்லையென்றால் வண்டி தினமும் கூப்பிடு தூரம் போய்விட்டு அணைந்திருக்கிறது. இரண்டாவது ஏதோ நல்ல சேதி போலத் தெரியும். எஞ்சினுக்கு அது நல்லதே இல்லை. ஆயில் நன்றாகச் சூடேறக் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அதற்குள் அணைத்தால் எரிந்ததில் வந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் காபி நுரை நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். கூலன்ட் கசிந்தாலும் அப்படி இருக்கும் என்பதால், அதையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி முழுசாக சார்ஜ் ஏறியே இருக்காது. டயரில் பட்டன் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது.

மீட்டர் திருப்பிய வண்டிக்கு என் அனுபவத்திலேயே ஒன்று சொல்கிறேன். நண்பருக்காகப் பார்க்கப் போனேன். மீட்டரில் 30,000 சொச்சம். உள்ளே பளபளப்பு, வாசனை ஸ்ப்ரே வேறு. குனிந்து பெடல்களைப் பார்த்தேன். பிரேக் பெடலில் புத்தம் புது ரப்பர். பக்கத்திலேயே கிளட்ச் பெடலில் வரி முழுக்கத் தேய்ந்து, ஒரு ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. ஒன்றை மாற்றியவர் இன்னொன்றை மறந்துவிட்டார். 30,000-க்கு எந்தக் காலும் அப்படித் தேய்க்காது. ஸ்டியரிங் தோலும் டிரைவர் சீட்டின் கதவோர மடிப்பும் அதையேதான் சொல்லின.

அதே 12 வருஷத்தில் ஒன்றே கால் லட்சம் ஓடி, நீண்ட தூரமே போய், கோப்பு நிறைய சர்வீஸ் பில் வைத்திருக்கிற காரைக் காட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டேன், ஆனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதுவும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் செயினின் சத்தமும் ஆயில் எரிகிற நீலப் புகையும் முதல் ஸ்டார்ட்டில்தான் பிடிபடும். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஊருக்குள் தினமும் 6 கி.மீ. டீசல் ஹேட்ச்பேக் எடுக்கலாமா?

வேண்டாம். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். 6 கி.மீ.க்கு அது அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: டைமிங் பெல்ட் ‘போன வருஷம்தான் மாற்றினோம்’ என்கிறார். போதுமா?

பில் எங்கே? பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கிற இந்த பெல்ட் கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை, வயசாலும் கெடும். பெரும்பாலான எஞ்சின்களில் ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் நாங்கள் நாலு பேர். சின்ன காரில் இடம் போதுமா?

மினி காரை 1959-ல் கொண்டுவந்தபோது அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். மூன்று மீட்டர் சொச்ச நீளத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகள் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. 2001-ல் வந்த ஹோண்டா ஜாஸ் பெட்ரோல் டேங்க்கை முன் சீட்டுக்கு அடியில் தள்ளியது. அதனால் பின் சீட்டை மேலே மடித்து உயரமான சாமானை நிற்க வைக்கலாம். படம் பார்த்து முடிவு செய்யாமல் நாலு பேரும் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் உங்கள் பெட்டியையே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நேற்று ஒரு ஹேட்ச்பேக் வாங்கிவிட்டேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

முந்தாநாள் எழுதியிருக்கலாம். சரி, இனி செய்ய வேண்டியது: ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாற்றுங்கள். பெல்ட்டுக்குப் பில் இல்லையென்றால் அதையும்.

கேள்வி: ஹைவேயில் மட்டும் மைலேஜ் குறைகிறது. ஊருக்குள் நன்றாகத் தருகிறது. எஞ்சின் கோளாறா?

எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. சின்ன காரின் எடை குறைவு, நின்று நின்று போகும்போது அது உதவும். ஹைவேயில் செலவு பெரும்பாலும் காற்றைக் கிழிக்கத்தான். 80-ல் இருக்கிற காற்றுத் தடை 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டயர் காற்றைச் சரிபார்த்து, மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிட்டு, 80-ல் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.